பின்தெருவிலிருந்து ஒரு அழைப்பு

இளவேனில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. டிவி பார்க்கலாம், சத்தம் வைக்கக் கூடாது. கொல்லைப் பக்கம் பாத்திரம் துலக்கினால்கூடப் பூனை நடக்கிற மாதிரி துலக்க வேண்டும். குரும்பகரத்தில் வாய்க்காலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் கூப்பிட்டே வளர்ந்த மாமியார் சொர்ணாம்பாளுக்கு இது பெரிய தண்டனையாக இருந்தது.

"வீட்டுலேருந்து வேலன்னாங்க. இப்ப வீடே ஆபீஸாயிட்டு. நாமதான் வெளியில நிக்கிறோம்" என்று மகன் சிவநாதனிடம் சொல்வாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சிவநாதன், இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவான்.

கோவில்பத்தில் அவர்களுடையது இரண்டு அறை வீடு. பின்னறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசை, லேப்டாப், ஹெட்செட். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் மெஷினை வாடகைக்குக் கொடுக்கிற ஒரு சென்னைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. மெஷின் கத்தினால், நின்றால், சந்தேகம் வந்தால் ஜனங்கள் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பு இளவேனில் சென்னையில் அந்த ஆபீஸிலேயே உட்கார்ந்து பேசியவள். கொரோனாவில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு திரும்பக் கூப்பிடவே இல்லை. காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டபோது வேலையும் ஹெட்செட்டோடு கூடவே வந்துவிட்டது.

போனில் அவள் பெயர் மீரா. அவளுடைய சொந்தப் பெயர் மேலிடத்து ஆட்கள் வாயில் நுழையவில்லை என்று கம்பெனி வைத்த பெயர் அது. சொந்தப் பெயரையும் ஊரையும் வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் சென்னை சர்வீஸ் சென்டர் என்றுதான் சொல்ல வேண்டும். பேசுவது அத்தனையும் பதிவாகும். சீக்கிரம் பேசி முடிப்பவர்களுக்கு நல்ல பெயர். இளவேனிலுக்கு நல்ல பெயர் இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வரப்போகிறது என்று டீம் லீடர் ஹரிஹரன் சொல்லியிருந்தான்.

ஒன்று மட்டும் அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அந்த மெஷினை அவள் நேரில் பார்த்ததே கிடையாது. திரையில் படம் இருக்கும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கைகளை அவள் இயக்கிவந்தாள்.

ஷந்தால் என்ற பெயர் முதல்தடவை திரையில் வந்தபோது இளவேனில் விலாசத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள். காரைக்கால், கோவில்பத்து. அவர்கள் வீட்டுக்குப் பின்தெரு. பச்சை கேட்டும் காகிதப்பூக் கொடியுமாக இருக்கும் அந்த வீட்டைக் கடைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். பிரெஞ்சுக்காரங்க வீடு என்று தெருவில் சொல்வார்கள். ஆட்கள் தமிழர்கள்தான். ஷந்தாலின் வீட்டுக்காரர் ழான்-மார்க்குக்குத்தான் மெஷின். அவர் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்தவர். பென்ஷனோடு ஊருக்கே திரும்பி வந்துவிட்டவர். மகள் விர்ஜினி அங்கேயே தங்கிவிட்டாள்.

"அம்மா, மெஷின்ல காத்து அளவு காட்டுற குண்டு ரெண்டாவது கோட்டுல நிக்குது. சரிதானா?" என்றாள் ஷந்தால்.

"டாக்டர் ரெண்டுல வைக்கச் சொல்லியிருந்தா சரிதான் மேடம்."

"சரிதானே? இன்னொரு தடவை சொல்லும்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு."

"சரியா இருக்கு மேடம்."

அவ்வளவுதான் அழைப்பு. மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். வேறு யாரிடமாவது போகும், சுற்றிச் சுற்றி இளவேனிலிடமும் வரும். டீமில் அவளுக்குக் 'குண்டு மேடம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் ஷந்தால் போனை வைக்க மாட்டாள்.

"சென்னையில மழை உண்டாம்மா?"

"லேசா இருக்கு மேடம்."

"இங்க காரைக்கால்ல பிச்சிகிட்டுக் கொட்டுது."

அந்த மழை இளவேனிலின் ஜன்னலுக்கு வெளியிலும்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடிக் கதவைச் சாத்தி, மழைச் சத்தம் போகாதபடி மைக்கைச் சுற்றிக் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். "வேற ஏதாவது உதவி வேணுங்களா மேடம்?" என்றாள். அழைப்பை முடிக்கச் சொல்லும் வாக்கியம் அது. அவள் அதைச் சொன்ன தொனியும் அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் மெயின் ரோட்டில் அஸ்கரின் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ வந்து முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்தார்கள். "இது பிஞ்சா, முத்தலாப்பா?" என்ற குரலைக் கேட்டதும் இளவேனிலுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அடிக்கடி காதுக்குள் கேட்கிற குரல். இப்போது தான் வாயைத் திறந்தால் அந்த அம்மாளுக்கும் அப்படியேதான் தெரிந்துபோகும்.

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்றான் அஸ்கர்.

அவள் தக்காளியைக் காட்டினாள். அரைக் கிலோ என்பதற்குக் கையைக் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

"என்னக்கா, மௌன விரதமா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினாள். ஷந்தால் திரும்பி அவளைப் பார்த்தாள். மெலிந்த உருவம், நரைத்த கிராப்பு, விரல் கணுக்களெல்லாம் வீங்கிக் கோணியிருந்தன. "வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்புளிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இளவேனிலுக்கு அவமானமாக இருந்தது. யாரிடமோ திருடிவிட்டு வருகிற மாதிரி. ஆனாலும் அடுத்த நாள் குண்டு மேடத்தின் பெயர் திரையில் வந்தபோது மீரா பழையபடிதான் பேசினாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. முதல்நாளே பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். காலையில் போன மின்சாரம் வரவே இல்லை. கம்பெனி வாங்கிவைக்கச் சொன்ன இன்வெர்ட்டர் இருந்ததால் இளவேனில் மட்டும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அன்று அழைப்புக்கு மேல் அழைப்பு. எல்லாமே டெல்டா ஊர்கள். கரண்ட் இல்லை, மெஷின் நின்றுவிட்டது, என்ன செய்ய. கூடவே கொடுத்திருக்கும் சிலிண்டருக்கு மாறச் சொல்லி வழி சொல்வதுதான் வேலை. தொண்டை வறண்டு போயிற்று. சொர்ணாம்பாள் ஓசைப்படாமல் வந்து மேசையில் வெந்நீர் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் ஷந்தால் கூப்பிட்டாள். அன்று குண்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அம்மா, இன்வெர்ட்டரும் கத்திட்டு நின்னுட்டு. சிலிண்டர் இருக்கு. ஆனா சாவி திரும்ப மாட்டேங்குது."

"இடது பக்கம் திருப்புங்க மேடம். சாவியை நல்லா உள்ள அழுத்திட்டுத் திருப்புங்க."

"அப்படித்தாம்மா பண்றேன். என் விரல் மடங்காது. ஒரு மணி நேரமா பாக்குறேன்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"மாடி வீட்டுக்காரங்க பூவத்துக்குப் போயிருக்காங்க, எதிர்வீடு பூட்டிக் கெடக்கு. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன். ரோட்டுல மரம் விழுந்துட்டாம், சுத்திகிட்டு வரோம்ங்கிறாங்க." ஷந்தாலின் குரல் தணிந்தது. "அவரு உதடு நெறம் மாறிட்டும்மா."

குரலுக்குப் பின்னால் இளவேனிலுக்கு இன்னொரு சத்தம் கேட்டது. ஓட்டை விழுந்த பம்பைப் போல ஒரு மூச்சு, இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு அவசரப் பிரிவுக்குத் தட்டச்சு செய்தாள். பதில் உடனே வந்தது. பக்கத்தில் இருக்கும் டெக்னீஷியன் கும்பகோணத்தில். சாலை மூடியிருக்கிறது. நோயாளியை அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி அழைப்பை முடிக்கவும்.

அழைப்பைத் திரும்ப எடுத்தாள். "மேடம், அவரைப் பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு..." என்று ஆரம்பித்தவளுக்கு வாக்கியம் முடியவில்லை. ஜன்னல் வழியே, கொல்லைச் சுவருக்கு அப்பால், மழையில் நனைந்துகொண்டு நிற்கும் ஷந்தால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

"பரவால்லம்மா" என்றாள் ஷந்தால். அதில் கோபமே இல்லை. "நீ சென்னையில இருந்துகிட்டு என்ன பண்ணுவ? நீ வேலையப் பாரு. லைன்ல வேற யாராவது காத்துகிட்டு இருப்பாங்க."

இளவேனில் எழுந்து நின்றுவிட்டாள். "மேடம், கேட்டைத் திறந்து வைங்க. நான் கோவில்பத்துலதான் இருக்கேன். இதோ வரேன்."

ஹெட்செட்டை மேசையில் எறிந்துவிட்டு ஓடினாள். சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்த சொர்ணாம்பாள் நிமிர்ந்தாள். "டூட்டி நேரத்துல எங்கடி போற?"

"பின்தெருவுல ஒருத்தருக்கு மூச்சு முட்டுது அத்தை. சிலிண்டர் திறக்க முடியலயாம்."

சொர்ணாம்பாள் கையை உதறிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மருமகளுக்கு முன்னால் வாசலில் இறங்கினாள்.

தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடியது. குடை எடுத்து வந்திருந்தாலும் நின்றிருக்காது. பச்சை கேட் திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் ஓரத்தில், இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார் ழான்-மார்க். பனியன் வேர்வையில் ஒட்டியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் உயிரில்லாமல் நின்றது. படத்தில் கையடக்கமாகத் தெரிந்தது, நேரில் அவள் இடுப்பு உயரம் இருந்தது.

சிலிண்டரில் சாவியை மாட்டி இளவேனில் திருப்பினாள். ஈரக்கை வழுக்கியது. மறுபடி திருப்பினாள். உள்ளங்கை சிவந்ததே தவிர அது அசையவில்லை.

"நகரு" என்றாள் சொர்ணாம்பாள். முந்தானையால் சாவியைத் துடைத்து, அதையே சுற்றிப் பிடித்தாள். "எந்தப் பக்கம்?"

"இடது."

சிலிண்டரைத் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்து ஒரு திருப்பு. கிறீச்சென்று ஒரு சத்தம். சிலிண்டர் மீட்டரில் முள் நகர்ந்தது.

இனி மெஷினிலிருந்து குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்ட வேண்டும். அன்று காலையிலிருந்து எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருப்பாள். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு எந்த முனையில் நுழைப்பதென்று விழித்தாள். ஷந்தால்தான் அதை வாங்கித் தன் கோணல் விரல்களால் சட்டென்று பொருத்தினாள். தினம் அந்த வேலையைச் செய்கிற விரல்கள் அவை.

"மூக்கால மெதுவா இழுங்க ஐயா" என்றாள் இளவேனில், அவர் முன்னால் மண்டியிட்டு. "வாயைக் குவிச்சு ஊதி விடுங்க. அவசரம் இல்ல. இழுங்க. விடுங்க."

மெல்ல மெல்ல அவர் தோள்கள் இறங்கின. உதட்டில் ரத்தம் திரும்பியது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"மீரா" என்றார்.

ஷந்தால் சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "தினம் அதையே கேட்டு உசுர எடுக்குறாளேன்னு நெனைச்சிருப்ப. எனக்குத் தெரியாமலா? நான் சொன்னா இவரு நம்ப மாட்டாரும்மா. மெஷின் காத்தே குடுக்கலன்னு பயந்து பயந்து மூச்சு வாங்கும். கம்பெனிலேருந்து சொன்னாத்தான் அடங்குவாரு. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் காதுகிட்ட வைப்பேன். அதான் சத்தமா சொல்லச் சொல்றது. வேற யார் எடுத்தாலும் கேட்டுக்குவாரு. நீ எடுத்தா தூங்கிடுவாரு."

வேற ஏதாவது உதவி வேணுங்களா என்று இளவேனில் கேட்டதெல்லாம் அந்தக் காதுகிட்டத்தான் போயிருக்கிறது.

"என் பேரு இளவேனில்ங்க" என்றாள்.

"இங்கேயேதான் இருக்கியா?"

"உங்களுக்கு முன்தெரு. இவங்க எங்க அத்தை."

சொர்ணாம்பாள் ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டே, "சூடா ஏதாவது போட்டுத் தரேன், அடுப்படி எங்க இருக்கு?" என்று கேட்டபடி உள்ளே போய்விட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்து ழான்-மார்க்கை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது. சில நாள் இருந்துவிட்டுத் தேறி வீட்டுக்கு வந்தார்.

புயல் களேபரத்தில் அன்றைக்கு எத்தனையோ அழைப்புகள் பாதியில் அறுந்திருந்தன. இளவேனில் மேசையை விட்டு எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. அது அப்படியே போயிருக்கும். ஆனால் ஷந்தாலுக்கு மனசு கேட்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு, எடுத்தவளிடமும் அவளுக்கு மேலே இருந்தவனிடமும், "உங்க மீரா வெள்ளத்துல நடந்து வீட்டுக்கே வந்து அவரைக் காப்பாத்துச்சு. அந்தப் பொண்ணுக்கு நீங்க ஏதாவது செய்யணும்" என்று மூச்சுவிடாமல் பாராட்டித் தள்ளிவிட்டாள்.

ஹரிஹரன் கூப்பிட்டான். இளவேனில் அவனை வீடியோவில் மட்டுமே பார்த்திருக்கிறாள். அவனும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தான். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"உங்களைப் பத்தி ஒரு பாராட்டு வந்திருக்கு" என்றான். "அதுதான் இப்ப பிரச்சினை."

அவன் ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"ஊரைச் சொன்னது ஒண்ணு. லாகின்ல இருக்கும்போது எழுந்து போனது ஒண்ணு. கஸ்டமர் வீட்டுக்குப் போனதுதான் பெருசு. நீங்க டெக்னீஷியன் இல்ல இளவேனில். நீங்க கை வெச்ச நேரத்துல அவருக்கு ஏதாவது ஆயிருந்தா?"

குழாயைப் பிடித்துக்கொண்டு விழித்த அந்தக் கணம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன் கேட்டது நியாயம்தான்.

ஹரிஹரன் குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு ரெக்கார்டிங் பாதிதான் இருக்கு. போனது யாரோ அக்கம்பக்கத்துக்காரங்க, பெரியவங்க பதட்டத்துல ஆளை மாத்திச் சொல்றாங்கன்னு எழுதிடட்டுமா? இத்தோட முடிஞ்சிடும்."

முடிந்துவிடும்தான். பயிற்சிப் பொறுப்பும் கைக்கு வரும். ஆனால் ஷந்தாலின் பெயருக்கு எதிரில், வயதானவர், குழப்பத்தில் பேசுகிறார் என்று ஒரு வரி ஏறிவிடும். இனிமேல் அவள் கூப்பிடும்போதெல்லாம் எடுக்கிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

"அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க சார். நான்தான் போனேன்" என்றாள்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். லேப்டாப் மூடிக் கிடந்தது. அன்று சொர்ணாம்பாள் மிக்ஸியில் தேங்காயைப் போட்டுவிட்டு, சுவிட்சில் கை வைத்தபடி பின்னறைப் பக்கம் பார்த்தாள்.

"ஓட்டுங்க அத்தை" என்றாள் இளவேனில்.

"வேணாம். தலைவலி வரும்" என்று சொல்லிவிட்டு அவள் அம்மியை எடுத்துவைத்து அரைத்தாள். சிவநாதன் வந்ததும் அவனிடம், "ஒரு உசுரு போற நேரத்துல, நூலைப் பிடிச்ச மாதிரி நடக்கணும்னா எப்புடி? எவனாச்சும் இவளைக் கேட்டா என்கிட்ட வரச் சொல்லு, சாவியத் திருப்புனது நான்தான்" என்றாள்.

விஷயம் தெரிந்து ஷந்தால் மழை விட்ட ஒரு சாயங்காலம் வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "நல்லதுன்னு நெனைச்சுதாம்மா சொன்னேன். என் வாயால உனக்கு இப்படி ஆயிட்டே."

"நீங்க இருந்ததைத்தானே சொன்னீங்க" என்றாள் இளவேனில். "நான்தான் இத்தனை நாளும் சென்னையில மழைன்னு சொல்லிகிட்டிருந்தேன்."

ஷந்தால் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்ப அந்தத் தக்காளிப் பொண்ணு நீதானா?" என்றாள். சொர்ணாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஷந்தால் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

முடிவை ஹரிஹரனே போனில் சொன்னான். எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறார்கள். பழையபடி குரல் பிரிவுக்கே வரலாம். ஆனால் இனி எந்த வாடிக்கையாளரையும் நேரில் பார்க்க மாட்டேன், பழக மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். ஷந்தால் வீடும் அதில் சேர்த்தி. முடியாதென்றால் எழுத்துப் பிரிவு இருக்கிறது. குறுஞ்செய்தியில் வரும் கேள்விகளுக்குத் தட்டச்சு செய்து பதில் போடும் வேலை. வாடிக்கையாளர் பேரோ விலாசமோ தெரியாது, அதனால் உறுதியும் கேட்க மாட்டார்கள். பயிற்சிப் பொறுப்பெல்லாம் அங்கே கிடையாது.

"குரல்தான் உங்க பலம்" என்றான் ஹரிஹரன். "யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று சாப்பிடும்போது சிவநாதன் அதிசயமாக வாயைத் திறந்தான். "ஒரே பேட்டையில இருந்துகிட்டு எதிர்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிகிட்டுப் போகச் சொல்றாங்களா? அது எப்படி முடியும்?"

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. எதிர்முனையில் இருப்பவர் பயந்திருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா, எதுவும் தெரியவில்லை. எழுத்துகள் வந்தன, எழுத்துகள் போயின. சில சமயம் பதிலைத் தட்டிவிட்டு, அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

தை பிறந்து வானம் வெளுத்ததும் ழான்-மார்க் கடற்கரைக்குப் போக வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக்குத் தவிர வீட்டை விட்டு வெளியே வந்து வருஷமாகிறது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சின்ன சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அஸ்கரின் தம்பி ஆட்டோவில் நான்கு பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள். சிலிண்டரைச் சொர்ணாம்பாள் மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள்.

அரசலாற்றை ஒட்டிப் போகும் கடற்கரைச் சாலையில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிமெண்ட் பெஞ்சில் அவரை உட்காரவைத்தார்கள். விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. மூக்கில் குழாயோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஷந்தாலும் சொர்ணாம்பாளும் படகில் என்ன மீன் வந்திருக்கும், அதை எப்படிக் குழம்பு வைப்பது என்று பேச்சை ஆரம்பித்து, புளி கரைப்பதில் வந்து வாக்குவாதத்தில் நின்றார்கள். சொர்ணாம்பாளின் குரல் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

இளவேனில் சிலிண்டர் முள்ளைக் குனிந்து பார்த்தாள்.

"பாதிக்குக் கீழ வந்துட்டு ஐயா. கிளம்பலாமா?"

ழான்-மார்க் ஆற்றைப் பார்த்தபடியே தலையாட்டி மறுத்தார். "அந்த நீலப் படகு உள்ள வரட்டும்" என்றார்.

அது இன்னும் கடலில் தூரத்தில் இருந்தது. அவள் மறுபடி முள்ளைப் பார்த்தாள். வீடு போய்ச்சேர எவ்வளவு வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.